பச்சையாகாத பட்டை

ஏரிக்கரையில் மாசானம் என்றொரு நீர்நாய் மீன் விற்று வந்தது. அதற்கு வாய் கொள்ளாத பெருமை!

பெருமைக்குக் காரணம் ஒரு துணிப்பட்டை. துணியைச் சங்குப்பூச் சாற்றில் ஊறவைத்துக் காயப்போட்டு, கூடை மூடியின் உள்பக்கம் கட்டியிருந்தது. மீன் நன்றாக இருந்தால் பட்டை நீலமாகவே இருக்கும். மீன் கெட ஆரம்பித்தால் அதன் ஆவி பட்டுப் பச்சையாகிவிடும்.

"மீனை முகர்ந்து பார்க்கவே வேண்டாம். பட்டையைப் பாருங்கள்! என் கூடையில் இது ஒரு நாளாவது பச்சையாகியிருக்கிறதா?" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அளக்கும்.

ஒருநாள் வெயில் மண்டையைப் பிளந்தது. மதியத்துக்குள் பட்டை பச்சையாகிவிட்டது. மாசானத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. பேசாமல் மீனைக் கொட்டியிருக்கலாம். ஆனால் மரத்தில் காக்கை உட்கார்ந்திருந்ததே! அது பார்த்தால் ஊரெல்லாம் கரைந்து மானத்தை வாங்கிவிடுமே!

சட்டென்று பச்சைப் பட்டையை அவிழ்த்து ஒளித்துவிட்டுப் புதுப் பட்டையைக் கட்டியது. புதுசு நிறம் மாறக் கொஞ்ச நேரம் பிடிக்கும்.

அந்த நேரம் பார்த்துச் சொர்ணம் பூனை வந்தது. அதற்குச் சளியில் மூக்கு அடைத்திருந்தது.

"அண்ணே, எனக்கு வாடையே தெரியல. என் குட்டி பிச்சி இன்னைக்குத்தான் முதல் முதலா மீன் சாப்பிடப் போறா. நல்ல மீன்தானே?"

"பட்டையைப் பாரு தங்கச்சி!" என்றது மாசானம்.

பட்டை நீலமாக இருந்தது. பூனை சந்தோஷமாக மீனைக் கவ்விக்கொண்டு போனது.

மறுநாள் சொர்ணம் அழுதுகொண்டே வந்தது. "பிச்சிக்கு ஒரே வாந்தி அண்ணே! கண்ணே திறக்கல!"

"மீன் கெட்டுப் போயிருக்கும்!" என்றது காக்கை.

"அண்ணனைச் சொல்லாதே!" என்று பூனை அதன் மேல் சீறியது. "பட்டையை நான் கண்ணால பார்த்தேன். மீனை மென்னு ஊட்டினது நான். என் சளிதான் அவளைப் பிடிச்சுக்கிச்சு. பெத்த நானே எமனாயிட்டேன்! இனி அவ பக்கத்துலயே போகமாட்டேன். புதருக்குள்ள தனியாத்தான் கிடக்கா. கூப்பிடுறா, போக பயமாயிருக்கு!"

மாசானம் யோசித்தது. வாயை மூடிக்கொண்டால் மானம் தப்பும். தாயின் சூடில்லாமல் குட்டி செத்துப்போகும்.

"ஓடு தங்கச்சி! ஓடிப்போய்ப் பிள்ளையை அணைச்சுக்கோ!" என்று கத்தியது. "உன்கிட்ட ஒரு குறையும் இல்லை. பட்டை பச்சையாத்தான் இருந்துச்சு. நான்தான் மாத்திக் கட்டினேன்! பாவி நான்தான்!"

சொர்ணம் மாசானத்தை ஒரு பார்வை பார்த்தது. பிறகு புதரை நோக்கி ஓடியது. திட்டியிருந்தாலாவது தேவலை என்றிருந்தது மாசானத்துக்கு.

தாய் நக்கி நக்கிச் சூடேற்றியதில் பிச்சி மெல்லத் தேறியது. சில நாள் கழித்துச் சொர்ணம் மறுபடி மீன் வாங்க வந்தது. பட்டை நீலமாக இருந்தது. மீனும் உண்மையாகவே நல்ல மீன்தான். பூனையோ பட்டைப் பக்கம் திரும்பவே இல்லை. ஒவ்வொரு மீனாக எடுத்து முகர்ந்து பார்த்தது. மாசானம் தலைகுனிந்து நின்றது.

பெயர் கெட்டுவிடுமே என்று தப்பை மறைப்பவன், பெயரோடு தன்னை நம்பியவர்களின் நம்பிக்கையையும் சேர்த்து இழப்பான்.