கடைசி தோம்

வைரவனுக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. சுவத்துல விரல் வைக்க இடமில்லாம வரைஞ்சு வச்சிருக்காரு. பாக்குறவன் ஒருத்தனும் சிரிக்க மாட்டேங்கான்.

வருஷா வருஷம் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு, நையாண்டி மேளம் நிக்கிற இடத்துக்குப் பின்னால ஒரு கேலிப்படம் போடுவா செண்பகவல்லி. மேளம் கேக்க வந்த கூட்டம் படத்தைப் பாத்துச் சிரிக்கும். அந்தச் சிரிப்புல தவில்காரன் இன்னும் ரெண்டு சேட்டை கூடப் பண்ணுவான். இந்த வருஷம் அவ, "அண்ணாச்சி, சுவரு உங்களுக்கு"ன்னுட்டா.

நாளைக்குக் கொடை.

வைரவன் அவளைவிட வயசுல மூத்தவரு. காலம் பூரா லாரிக்குப் பெயிண்ட் அடிச்சவரு. லாரியில வெத்து இடம் கெடந்தா முதலாளி திட்டுவான். கிளி, தாமரை, திருஷ்டிப் பூதம்னு ரொப்பியாகணும். சிரிப்புப் படம் கத்துக்கணும்னு அவகிட்ட சிஷ்யனா வந்து சேந்தவரு.

இப்ப சுவத்துல என்னன்னா, ஊருல புதுத் தண்ணித்தொட்டி திறக்காங்க. தலைவரு மாலையும் கழுத்துமா குழாயைத் திருகுறாரு. பொம்பளைங்க குடத்தோட நிக்காங்க. குழாயிலேருந்து காத்து வருது. காத்துக்குச் சுருள் சுருளா கோடு. கூடவே ஒரு பல்லி, ஒரு தவளை. மேல, ‘தண்ணீர் வரவில்லை’ன்னு நிழலடிச்ச எழுத்து. சுத்தித் தாமரை பார்டர்.

காலையிலேருந்து பாத்தவங்க எல்லாருக்கும் ஒரே வார்த்தைதான். "நல்லாருக்கு."

"நல்லாருக்காம்! எழவு வீட்டுச் சாப்பாட்டைச் சொல்ற மாதிரில்லா சொல்லுதானுவ!"

செண்பகவல்லி வேப்பமரத்தடியில உக்காந்து, கவுத்துன பெயிண்ட் டப்பாவுல தாளம் தட்டிக்கிட்டிருந்தா. தாளம் தட்டாம அவளுக்கு ஒரு கோடு ஓடாது.

"வாத்தியாரம்மா, சிரிப்பு எப்படி வரும்? ஒரே வார்த்தையில சொல்லிருங்க. இன்னொரு தவளை போடவா?"

"இதைக் கேளுங்க அண்ணாச்சி."

தவில்காரன் முடிக்கிறப்போ ஒரே அடியை மூணு தடவை சுத்திச் சுத்தி அடிச்சு, ‘தோம்’னு ஒண்ணு குடுத்து இறக்குவான்ல, அந்த அடியை எடுத்தா.

"தகதிமி தகிட... தகதிமி தகிட... தகதிமி தகிட..."

கையைத் தூக்கி மடியில வச்சுக்கிட்டா.

வைரவன் காத்திருந்தாரு.

"ம்?"

"என்ன ம்?"

"முடிங்க."

மறுபடி எடுத்தா. மறுபடி அதே இடத்துல நிறுத்தினா. முழங்கையைச் சொறிஞ்சா.

"காப்பி குடிக்கீங்களா?"

"காப்பியா! நாளைக்கு ஊரே வந்து என் மூஞ்சியைப் பாக்கப்போகுது. நீங்க முடிக்கவும் மாட்டேங்கீங்க, சொல்லவும் மாட்டேங்கீங்க. தும்மல் பாதியில நின்ன மாதிரி இருக்கு எனக்கு!"

அவ திரும்பவும் ஆரம்பிச்சா. இப்ப இன்னும் நிதானமா. "தகதிமி தகிட... தகதிமி தகிட... தகதிமி தகிட..."

நிறுத்தினா.

வைரவன் பக்கத்துல இருந்த டப்பா மேல ஓங்கி ஒண்ணு வச்சாரு.

"தோம்!"

மூடி தெறிச்சு, சட்டை பூரா பச்சைப் பெயிண்டு. அவருக்கே குபீர்னு சிரிப்பு வந்துட்டுது.

"நான் அடிக்கலியே அண்ணாச்சி"ன்னா செண்பகவல்லி.

வைரவன் தன் கையைப் பாத்தாரு. சுவத்தைப் பாத்தாரு. வெள்ளையடிக்கிற சுண்ணாம்பு மட்டையை எடுத்தாரு.

பல்லி போச்சு. தவளை போச்சு. காத்து போச்சு. தாமரை பார்டர் போச்சு. நிழலடிச்ச எழுத்தை அழிக்கிறப்போ மட்டும் கொஞ்சம் முனகினாரு. குழாய்க்குக் கீழ வெறும் வெள்ளை.

அந்தப் பக்கமா குடத்தோட போன இசக்கியம்மா நின்னா. தலைவரைப் பாத்தா. குழாயைப் பாத்தா. குழாய்க்குக் கீழ பாத்தா. இடுப்புல இருந்த தன் குடத்தைப் பாத்தா.

அவ்வளவுதான். சிரிச்ச சிரிப்புல குடம் நழுவி உருண்டுச்சு. "அட சண்டாளா! நம்ம தொட்டில்லா இது! ஏளா மாரி, இங்க வாயேன்!"ன்னு தெருவைக் கூப்பிட ஓடினா.

வைரவனுக்குக் குளுந்துபோச்சு. ஆனா கை சும்மா இருக்கணுமே.

"எல்லாம் சரி வாத்தியாரம்மா. குழாய்க்குக் கீழதான் பொட்டக்காடு மாதிரி கெடக்கு. ஓரமா ஒரே ஒரு தாமரை..."

செண்பகவல்லி அவரு தோள்ல கெடந்த துண்டை உருவினா. பஸ்ஸுல சீட்டுப் பிடிக்கிற மாதிரி, அந்த வெள்ளைக்கு நேரா விரிச்சுப் பிடிச்சா.

"ஆள் வருது அண்ணாச்சி."