கடைசி ஆள் வந்த பிறகு

"என்கூட வண்டி ஓட்ட ஒருத்தரும் வர மாட்டேங்கறாங்கம்மா," என்றார் இன்பசேகரன்.

மெஹருன்னிசா அப்போதுதான் யாரோ ஒருவர் கையில் ரத்தம் எடுத்து முடித்திருந்தாள். பஞ்சை வைத்து அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு இவர் பக்கம் திரும்பினாள்.

"எத்தனை பேர் வந்துட்டிருந்தாங்க, சார்?"

"என்னோட சேர்த்துப் பதினாலு."

"இப்ப?"

"நான் மட்டும்."

இன்பசேகரனுக்கு ஐம்பத்திரண்டு வயது. மின்வாரியத்தில் உதவிப் பொறியாளர். மனைவி இறந்து நாலு வருடமாகிறது, மகன் புனேயில் இருக்கிறான். வீட்டில் பேச ஆள் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் சேலத்திலிருந்து கிளம்பி ஏற்காடு மலையில் சைக்கிளில் ஏறி இறங்கும் அந்த ஐந்து மணி நேரம்தான் அவருக்கு மனிதர்கள் கிடைக்கும் நேரம். அந்தக் குழுவை ஆரம்பித்ததே அவர்தான்.

மெஹருக்கு வயது முப்பத்தாறு. அந்த ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. அவளும் சைக்கிள்காரிதான். சனிக்கிழமைகளில் அவளோடு மலையேற எப்படியும் பத்துப் பேர் வந்துவிடுவார்கள். திட்டம் கிடையாது, வாட்ஸ்அப் குழு கூடக் கிடையாது. இன்பசேகரனுக்கு அதுதான் வயிற்றெரிச்சல். அந்த வயிற்றெரிச்சலையும் தூக்கிக்கொண்டு தன்னைவிடச் சின்னவளிடம் கேட்க வந்தாரே, அதற்காக அவரைப் பாராட்டலாம்.

"திட்டத்துல ஏதாவது தப்பு இருக்கான்னு பாருங்க," என்று போனை நீட்டினார்.

டிசம்பரில் கொல்லிமலை. எழுபது கொண்டை ஊசி வளைவு. அதற்கு ஏற்காட்டில் மூன்று மாதப் பயிற்சி. எந்த வாரம் எத்தனை கிலோமீட்டர், எந்த வளைவில் எவ்வளவு ஏற்றம், எங்கே வாழைப்பழம், எங்கே தண்ணீர், எல்லாவற்றுக்கும் கட்டம் கட்டியிருந்தார். கீழே, யார் யார் வருகிறீர்கள் என்று ஒரு வாக்கெடுப்பு. ஒரே ஒரு டிக் விழுந்திருந்தது. அது அவருடையது.

"திட்டம் நல்லாத்தான் சார் இருக்கு."

"பின்ன என்னதான் பிரச்சினை? நான் யாரையும் விட்டுட்டுப் போறவன் இல்ல. ஒவ்வொரு அஞ்சாவது வளைவுலயும் நிப்பேன். கடைசி ஆள் வந்து சேர்ற வரைக்கும் எல்லாரையும் நிறுத்தி வெச்சு, அவர் வந்த பிறகுதான் கிளம்புவேன். எந்தக் குழுவுல இப்படிக் காத்திருக்கறாங்க, சொல்லுங்க?"

"முதல்ல வராம நின்னது யாரு?"

"அம்பலவாணன். ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கார்ல, அவர். எப்பவும் கடைசியாத்தான் வருவார்."

"அப்புறம்?"

"ஜோஸ்பின்."

"அவங்க எத்தனாவதா வருவாங்க?"

"அம்பலவாணனுக்கு முன்னாடி."

"அம்பலவாணன் நின்னதுக்கு அப்புறம்?"

இன்பசேகரன் யோசித்தார். "அவங்கதான் கடைசி."

"அவங்களுக்கு அப்புறம் யார் நின்னாங்க?"

அவர் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். பதிமூன்று பேரும் பின்னாலிருந்து வரிசையாகத்தான் கழன்றிருந்தார்கள். இத்தனை கட்டம் போட்ட மனிதருக்கு அது ஒரு கட்டத்திலும் தட்டுப்படவில்லை.

"ஞாயித்துக்கிழமை அடிவாரத்துக்கு வாங்க, சார்," என்றாள் மெஹர். "உங்க வண்டி வேண்டாம். நான் ஒண்ணு குடுக்கறேன்."

*

அவள் கொடுத்தது தடித்த டயர் போட்ட வண்டி. பின்னால் கேரியர். கேரியருக்கு இரண்டு பக்கமும் ஐந்து லிட்டர் தண்ணீர் கேன் ஒவ்வொன்று கட்டியிருந்தது.

"இது எதுக்கும்மா?"

"தாகம் எடுத்தா குடிக்கறதுக்கு."

மெஹர் தன் ஒல்லி வண்டியில் ஏறினாள். இரண்டாவது வளைவுக்கு முன்பே கண்ணில் இருந்து மறைந்துவிட்டாள்.

இன்பசேகரன் மிதித்தார். பின்னால் தண்ணீர் தளும்பி, வண்டியை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இழுத்தது.

மலையில் தனியாக ஏறுவது அவருக்குப் புதிதில்லை. எப்போதும் எல்லோருக்கும் முன்னால் தனியாகத்தான் ஏறுவார். ஆனால் முன்னால் போகிறவருக்குத் தன் பின்னால் பதிமூன்று பேர் வருகிறார்கள் என்று தெரியும். பின்னால் வருகிறவருக்கு எதிரில் வெறும் ரோடு. வளைவு திரும்பினால் இன்னொரு வெறும் ரோடு. கட்டைச் சுவரில் உட்கார்ந்திருந்த ஒரு குரங்கு அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அவருக்கு அழுகை வரும் போல இருந்தது. ஐம்பத்திரண்டு வயதில், ஒரு குரங்குக்காக.

ஐந்தாவது வளைவில் மெஹர் சுவரில் உட்கார்ந்து ஆரஞ்சு தின்றுகொண்டிருந்தாள்.

"வந்துட்டீங்களா, சார்? சரி," என்று எழுந்து, வண்டியில் ஏறிப் போய்விட்டாள்.

இன்பசேகரன் ஒரு காலைத்தான் தரையில் வைத்திருந்தார். அதை மறுபடி பெடலில் வைத்தார்.

பத்தாவது வளைவிலும் அதேதான்.

பதினைந்தாவது வளைவில் அவர் காலைத் தரையில் வைப்பதற்குள்ளேயே அவள் கிளம்பிவிட்டாள்.

இருபதாவது வளைவில் இன்பசேகரன் வண்டியைக் கீழே போட்டார்.

"ஏம்மா, உனக்கு மனசாட்சி இருக்கா? ஒவ்வொரு இடத்துலயும் நான் வந்ததும் கிளம்பறே. நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிச்சு எனக்கு!"

"காத்திருந்தேனே, சார். ஒவ்வொரு இடத்துலயும் இருபது நிமிஷம்."

"அது உனக்கு ஓய்வு! எனக்கு எங்க?"

"பின்னாடி பத்து லிட்டர் தண்ணி இருக்கே. நின்னு குடிச்சிருக்கலாமே?"

"எப்படி நிக்கறது? நீதான் கிளம்பிட்டியே!"

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது.

ஒரு வேன் ஹாரன் அடித்துக்கொண்டு கடந்து போனது. இன்பசேகரன் ரோட்டோரத்தில் உட்கார்ந்தார். கேனைத் திறந்து கையில் ஊற்றிக் குடித்தார். பாதி சட்டையில் போயிற்று.

"அம்பலவாணன் ஒவ்வொரு தடவையும், பரவால்ல சார், கிளம்புங்கன்னு சொல்வார்," என்றார். "நானும் பரவால்ல போலிருக்குன்னு நினைச்சுட்டேன்."

மெஹர் மிச்சமிருந்த ஆரஞ்சை அவரிடம் கொடுத்தாள்.

*

ஞானம் கிடைத்தால் இன்பசேகரன் சும்மா இருப்பாரா? அன்று சாயந்திரமே திட்டத்தில் புதிதாக ஒரு கட்டம் சேர்த்தார்.

கடைசி ஆள் வந்த பிறகு: பத்து நிமிடம்.

ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டுப் பேசினார். தப்பு தன்மேல்தான் என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததில் அதிர்ந்துபோய் ஆறு பேர் சரி என்றார்கள். அம்பலவாணன் மூன்றாவது தடவை கூப்பிட்ட பிறகு ஏழாவதாகச் சேர்ந்தார்.

ஞாயிற்றுக்கிழமை. ஐந்தாவது வளைவு.

மற்ற ஆறு பேரும் வந்து, தண்ணீர் குடித்து, பழம் தின்று, கதை பேசி முடித்து, ஹெல்மெட் மாட்டி, ஒரு காலைப் பெடலில் வைத்து நின்றிருந்தார்கள். அப்போது அம்பலவாணன் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

"பத்து நிமிஷம்!" என்று இன்பசேகரன் கைக்கடிகாரத்தை அமுக்கினார்.

அம்பலவாணன் பாட்டிலைத் திறந்தார். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

கடலை மிட்டாய் உறையைப் பிரித்தார். எல்லோரும் பார்த்தார்கள்.

ஒரு கடி கடித்தார். புரையேறிவிட்டது.

"மெதுவா, மெதுவா," என்றார் இன்பசேகரன், நிஜமான அக்கறையோடு. "இன்னும் ஏழு நிமிஷம் இருக்கு."

பத்தாவது வளைவிலும் பத்து நிமிடம் கொடுத்தார்.

பதினைந்தாவது வளைவுக்கு அம்பலவாணன் வரவில்லை. முக்கால் மணி நேரம் காத்திருந்து பார்த்தபோது போனில் ஒரு செய்தி கிடந்தது. *பரவால்ல சார். நான் கீழ இறங்கிட்டேன். நீங்க போங்க.*

அடுத்த வாரம் மூன்று டிக். அதற்கடுத்த வாரம் பழையபடி ஒன்று.

*

"பத்து நிமிஷம் முழுசாக் குடுத்தேன்மா," என்றார். "ஒரு செகண்ட் கூடக் குறைக்கல."

பரிசோதனை நிலையத்தை மதியச் சாப்பாட்டுக்கு மூடும் நேரம். மெஹர் எதிர்க்கடையில் டீ சொன்னாள். ஒரே ஒரு டீ வந்தது.

அவள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். சீட்டு எழுதும் கனகவல்லியைக் கூப்பிட்டாள், அவளும் பையோடு வந்தாள். மாதிரிக் குப்பிகளை எடுத்துப்போகும் தாமஸ் வண்டிச் சாவியோடு வந்தான். மூன்று பேரும் செருப்பைப் போட்டுக்கொண்டு இன்பசேகரன் முன்னால் நின்றார்கள்.

"குடிங்க, சார்," என்றாள் மெஹர்.

"நீங்கல்லாம்?"

"நாங்க சாப்பிடக் கிளம்பணும். நீங்க நிதானமாக் குடிங்க. பத்து நிமிஷம் இருக்கு."

டீ ஆவி பறந்தது. ஊதினார். மூன்று பேரும் பார்த்தார்கள்.

ஒரு வாய் குடித்தார். நாக்கு சுட்டது.

தாமஸ் கையில் சாவி குலுங்கியது.

"அவசரமே இல்லீங்க சார்," என்றாள் கனகவல்லி. பாவம், மனதாரத்தான் சொன்னாள்.

இன்னொரு வாய் குடித்தார். பிறகு டம்ளரை மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்தார். அதில் பாதிக்கு மேல் டீ இருந்தது.

"பரவால்லம்மா," என்றார். "நீங்க கிளம்புங்க."

மெஹர் அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் ஷட்டரை இறக்கிப் பூட்டினாள்.

*

இன்பசேகரன் ஜெராக்ஸ் கடைக்கு நேரிலேயே போனார்.

"ஞாயித்துக்கிழமை வர்றீங்களா?"

அம்பலவாணன் சங்கடமாகச் சிரித்தார். "உங்களுக்கெல்லாம் என்னால தொந்தரவு, சார்."

"எல்லாருமில்ல. நானும் நீங்களும்தான்."

"எத்தனை மணிக்கு?"

"உங்களுக்கு எப்ப சௌகரியம்?"

அம்பலவாணனுக்குச் சந்தேகமாகிவிட்டது. இன்பசேகரனுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையோ என்று நினைத்தார். அந்தக் கவலையிலேயே வரேன் என்று சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஏறினார்கள். மூன்றாவது வளைவுக்குள் இன்பசேகரன் முன்னால் போய்விட்டார். கால் அப்படிப் பழகியிருந்தது, அதை ஒன்றும் செய்ய முடியவில்லை.

ஐந்தாவது வளைவில் இறங்கினார். வண்டியைச் சுவரில் சாய்த்தார். ஹெல்மெட்டைக் கழற்றினார். கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டார். ஷூவையும் சாக்ஸையும் கழற்றி வெயிலில் வைத்தார். ஒரு மர நிழலில் துண்டை விரித்துப் படுத்தார்.

தூங்குவது போல இருக்க வேண்டும் என்றுதான் நினைத்தார். நிஜமாகவே தூங்கிவிட்டார்.

கண் விழித்தபோது பக்கத்தில் அம்பலவாணன் உட்கார்ந்திருந்தார். அவரும் ஷூவைக் கழற்றியிருந்தார். அவருடைய பாட்டில் காலியாகி இருந்தது. வேர்க்கடலைத் தோல் குவிந்து கிடந்தது. அவர் வந்து எவ்வளவு நேரமாயிற்று என்று தெரியவில்லை. இன்பசேகரன் கேட்கவும் இல்லை.

இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

கீழே சேலம் புகைமூட்டத்தில் மங்கலாகத் தெரிந்தது. ஏதாவது பேச வேண்டும் என்று இன்பசேகரனுக்குத் தோன்றியது. பேச ஒன்றும் கிடைக்கவில்லை. இரண்டு வருடமாகத் தெரிந்த மனிதர். அவர் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் வேகத்தில் மலையேறுவார் என்பது தெரியும். அதைத் தவிர ஒன்றுமே தெரியாது.

அம்பலவாணன்தான் ஆரம்பித்தார்.

"ஒண்ணு கேக்கலாமா, சார்?"

"கேளுங்க."

"கீழ இறங்கி வீட்டுக்குப் போன பிறகு, நீங்க என்ன பண்ணுவீங்க?"

இன்பசேகரன் வாயைத் திறந்தார். இந்தக் கேள்வியை இதுவரை யாரும் அவரிடம் கேட்டதில்லை.

"டிவியைப் போட்டுடுவேன்," என்றார். "பாக்க மாட்டேன். அடுத்த ரூம்ல உக்காந்திருப்பேன். சத்தம் கேட்டுட்டிருக்கும்."

அம்பலவாணன் தலையாட்டினார். ஒரு வேர்க்கடலையை உடைத்து அவர் கையில் வைத்தார்.

"நான் கடையைத் திறந்து வெச்சுக்குவேன், சார். ஞாயித்துக்கிழமை ஜெராக்ஸ் எடுக்க ஒருத்தரும் வர மாட்டாங்க. தெரியும். இருந்தாலும் மெஷினைப் போட்டுச் சூடாக்கி வெச்சுட்டு உக்காந்திருப்பேன்."