உப்போடைக்கு வந்த கிணறு

மலைக்கும் கடலுக்கும் நடுவே இருந்த ஒரு நாட்டை முன்னொரு காலத்தில் மகுடவர்மன் என்ற ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷன்தான். ஆனால் காலையில் சொன்ன சொல் மாலைவரை தாங்காது. தன் பிறந்தநாளுக்கு ஏதாவது ஓர் ஊரின் பொதுக் காரியத்துக்கு ஆயிரம் பொன் தருவதாகப் பறையறைவித்தார்.

உப்போடை ஊர்க்காரர்களைக் கூட்டிக்கொண்டு காத்தாயி அரண்மனைக்கு வந்தாள். அவர்கள் ஊர்க் கிணறு உப்பாகிவிட்டது. வேறோர் இடத்தில் பாறையை உடைத்து ஆழமாகப் புதுக் கிணறு தோண்டினால் நல்ல தண்ணீர் கிடைக்கும். அதுவரை பெண்கள் காட்டைத் தாண்டிப் போய்த்தான் குடம் நிரப்ப வேண்டும்.

"எது பெரிய வேலையோ அதற்கே பொன்" என்றார் ராஜா. காத்தாயி பாறையின் ஆழத்தைச் சொன்னாள். "இல்லை, எது அழகோ அதற்கு" என்றார். கிணற்றில் என்ன அழகைக் காட்டுவது? அவளுக்குத் தலை சுற்றியது.

சபையில் வச்சிரபாகு என்றொரு பிரபு இருந்தார். மந்திரி சேந்தனார்மேல் அவருக்குத் தீராத வயிற்றெரிச்சல். உப்போடைக்காரர்களை வரச்சொன்னவர் மந்திரி என்பதால், அவர்களையும் பிடிக்கவில்லை. தன் ஊரான பூஞ்சோலையில் தன் பெயரில் மண்டபம் கட்ட அவருக்கு ஆசை.

"மகாராஜா, ஒற்றுமையான ஊருக்குக் கொடுங்கள்" என்றார். "எங்கள் ஊரில் மண்டபத்தைப் பற்றி ஒரு சண்டை உண்டா, கேளுங்கள்."

அவரோடு வந்திருந்த பூஞ்சோலைக்காரர்கள் 'இல்லை' என்று வரிசையாகத் தலையாட்டினார்கள்.

"உங்கள் ஊரில்?" என்று ராஜா திரும்பினார்.

காத்தாயி வாய் திறக்குமுன் மேலத்தெருச் சடையன் முந்தினான். "கிணறு எங்க தெருவுலதான் தோண்டணும் மகாராஜா!"

"அடப்பாவி, கீழத்தெரு மனுஷன் மனுஷனில்லையா?" என்று கூத்தன் பாய்ந்தான்.

'போச்சு, எல்லாம் போச்சு' என்று காத்தாயி நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

சேந்தனார் ராஜாவின் காதில் ஏதோ கிசுகிசுத்தார். ராஜா மீசைக்குள் சிரித்தபடி தலையசைத்தார். மந்திரி எழுந்தார்.

"கேளுங்கள், தீர்ப்பு இதுதான். மண்டபமும் கிணறும் பக்கத்து ஊரான நெய்க்குளத்துக்குப் போகின்றன. உங்கள் இரண்டு ஊருக்கும் ஒன்றும் கிடையாது."

"ஆகட்டும் சாமி" என்றார்கள் பூஞ்சோலைக்காரர்கள். ஒருவன் கொட்டாவி விட்டு, "நல்லதாப் போச்சு, யாரு அதைத் தினமும் பெருக்குறது?" என்றான்.

உப்போடைக்காரர்களோ சபையே அதிரக் கத்தினார்கள்.

"ஐயோ மகாராஜா, கீழத்தெருவுலயே தோண்டுங்க!" என்றான் மேலத்தெருச் சடையன்.

"வேணாம், மேலத்தெருவுலயே இருக்கட்டும், ஊரைவிட்டு மட்டும் போகக் கூடாது!" என்று கூத்தன் தரையில் விழுந்தான்.

காத்தாயிக்கு ஒன்றும் விளங்கவில்லை. யார் எந்தத் தெரு? யாருக்கு எது வேணும்?

"எனக்கும் குழப்பமாகத்தான் இருக்கிறது" என்றார் ராஜா. "மந்திரியாரே, சண்டைக்காரர்களுக்கா பொன்னைக் கொடுப்பது?"

"மகாராஜா, தனக்கு வேண்டிய பொருளுக்குத்தான் மனிதன் சண்டை போடுவான். கிணற்றைக் கட்டினால் இவர்கள் காவல் காப்பார்கள். மண்டபத்தைக் கட்டினால் வௌவால் காக்கும்."

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். "பொன் உப்போடைக்கு! வச்சிரபாகு, உமக்கு ஒற்றுமைமேல் அவ்வளவு ஆசையா? கிணறு வெட்டி முடியும்வரை உப்போடையில் தங்கியிரும். இடத்தை இரண்டு தெருவும் ஒத்துக்கொள்ளும்படி செய்வது உம் பொறுப்பு."

வச்சிரபாகு போனார். "எந்தப் பக்கம் தோண்டலாம்?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"உன் தெருவுல வச்சுக்கோ!" என்று சடையன் கத்த, "எனக்கு எதுக்கு உன் பிச்சை? உன் தெருவுலயே வச்சுக்கோ!" என்று கூத்தன் கத்த, நடுவில் நின்று இருபுறமும் கெஞ்சிக் கெஞ்சிப் பிரபுவுக்குத் தொண்டை கட்டிப்போனது.

கடைசியில் இரண்டு தெருவும் சேரும் இடத்தில் பாறை உடைந்து நல்ல தண்ணீர் வந்தது. காத்தாயி ஒரு செம்பு மொண்டு முதலில் அந்தப் பிரபுவுக்குத்தான் நீட்டினாள். பாவம், நன்றி சொல்லக்கூட அவருக்குக் குரல் வரவில்லை.