தளவாய் சொன்ன சாரி

முன்னொரு காலத்தில் புன்னைநாடு என்றொரு சீமையை அழகியவாணன் என்கிற ராஜா ஆண்டுவந்தார். வெற்றிலை போடாவிட்டால் அவருக்கு வாயும் திறக்காது, நியாயமும் பிறக்காது. புதுசாக எதைக் கண்டாலும் பொம்மை கண்ட பிள்ளைதான். ஒருநாள், கப்பலில் வந்த வெள்ளைக்கார வியாபாரி ராஜாவின் காலைத் தெரியாமல் மிதித்துவிட்டு, நெஞ்சில் கை வைத்து, "சாரி" என்றான்.

"அது என்னய்யா?"

"தப்புப் பண்ணினா எங்க ஊர்ல சொல்ற சொல்லு, மகாராஜா."

ராஜாவுக்குப் பிடித்துப்போயிற்று. சாரி சொன்னால் வழக்கு முடிந்தது என்று ஊரெல்லாம் முரசறையச் சொல்லிவிட்டார். அதற்கு அர்த்தம் என்ன, வேர் எங்கே என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

படையை நடத்தும் தளவாய் மல்லப்பனுக்குக் கொண்டாட்டம். குதிரையை விரட்டிக்கொண்டு மூக்காயியின் வெற்றிலைக் கொடிக்காலுக்குள் புகுந்தான். செருப்புக் காலோடுகூட எவரும் நுழையாத இடம், அங்கே குளம்படி! கொடி படரும் அகத்தி முறிந்தது, கொடியெல்லாம் சேறாய் நசுங்கியது. அரண்மனைக்கே வெற்றிலை கொடுத்துவந்த கொடிக்கால். புருஷனை இழந்த மூக்காயிக்கு அதுதான் சோறு.

"பாவி, என் குடியைக் கெடுத்தியே!" என்று கடிவாளத்தைப் பிடித்தாள்.

அவன் குதிரையைவிட்டு இறங்கக்கூட இல்லை. "சாரி. வழியை விடு."

மண்ணை வாரித் தூற்றக் குனிந்த மூக்காயி நிமிர்ந்தாள். "இரு, உன் சொல்லை ராஜா வாயிலேயே போடுறேன்" என்று முந்தானையை இழுத்துச் செருகினாள்.

மறுநாள் விருந்து முடிந்து ராஜா வாய் நமநமக்க உட்கார்ந்திருக்கிறார். சபை நிறைந்திருக்கிறது. மூக்காயி பட்டு மூடிய தட்டை நீட்டினாள். திறந்தால் பாக்கு இருக்கிறது, சுண்ணாம்பு இருக்கிறது, வெற்றிலையைக் காணோம்!

"வெத்தலை எங்கே?"

"சாரி, ராஜா."

"என்ன கொழுப்பு! சாரியை மடிச்சா வாயில போடுறது?"

"நேத்து என் கொடிக்காலை அழிச்சுட்டுத் தளவாய் அதைத்தானே கொடுத்தாரு? நட்டுப் பார்த்தேன், முளைக்கல. உங்க வாயாவது சிவக்கட்டும்!"

தளவாய் துள்ளினான். "மகாராஜா, இவ நாக்கை..."

"சாரி தளவாயே" என்றாள் மூக்காயி, திரும்பாமலே. "வழக்கு முடிஞ்சுது. ராஜா கட்டளை."

ராஜா சபையிலிருந்த வெள்ளைக்கார வியாபாரியைக் கூப்பிட்டார். "உள்ளதைச் சொல்லு. அந்தச் சொல் எங்கே பிறந்துச்சு?"

"எங்க பாட்டன்மார் பேச்சுல, புண்ணு, வலிங்கிற சொல்லுல பிறந்தது, மகாராஜா. உனக்குப் பட்டது எனக்கும் வலிக்குதுன்னு அர்த்தம்."

"உனக்கு வலிக்குதா, மல்லப்பா?"

தளவாய் தன் கைகாலைத் தடவிப் பார்த்தான்.

"வலிக்கும்வரை வேலை செய்! வெறுங்காலோடு போய் அகத்தி நடு, தண்ணி சும. கொடிக்கால் தழையும்வரை நீ மூக்காயிக்குப் பண்ணையாள். அவளுக்குச் சோறு அரண்மனையிலிருந்து போகட்டும். அர்த்தம் தெரியாம முரசடிச்ச எனக்கும் அதுவரை வெத்தலை கிடையாது!"

மழை வந்தது, வெயில் வந்தது. கொடி அகத்தியைப் பற்றி ஏறியது. ஒருநாள் காலையில் தளவாய் வரப்பில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான்.

"என்னய்யா, கை கொப்புளம் வலிக்குதா?" என்றாள் மூக்காயி.

"கை இல்ல ஆத்தா. ஆடு புகுந்து ஒரு கொடியைக் கடிச்சிருச்சு. நெஞ்சு வலிக்குது. ஒத்தக் கொடிக்கே இப்படின்னா, அன்னைக்கு நான்..."

மூக்காயி முதல் கொழுந்தைக் கிள்ளி அவன் கையில் வைத்தாள்.

"கொண்டுபோய் ராஜாகிட்ட கொடுங்க. இப்பத்தான்யா நீங்க சாரி சொல்லியிருக்கீங்க."

அன்று ராஜாவின் வாய் சிவந்தது. நம் கதையும் பழுத்தது.