இருபத்தேழாம் கேள்வி

இந்தக் கதையில் குருவுக்கு வயது முப்பத்தொன்பது. சீடருக்கு நாற்பத்தாறு. குரு சீடரை 'சார்' என்பார், சீடர் குருவை 'மேடம்' என்பார். ஆற்றங்கரை, ஆசிரமம் எதுவும் கிடையாது. பல்கலைக்கழகத்தில் சமூகவியல் துறை, இரண்டாவது மாடி, கடைசி அறை. ஞானம் இங்கேயும் கிடைக்கும். நாலு பிரதி எடுத்து, அட்டை போட்டு, கையெழுத்து வாங்கி ஒப்படைக்க வேண்டும், அவ்வளவுதான்.

குருவின் பெயர் பியூலா. சீடர் கோமதிநாயகம். அவர் ஒரு தனியார் கல்லூரியில் பன்னிரண்டு வருஷமாகத் தற்காலிக விரிவுரையாளர். ஒவ்வொரு ஜூன் மாதமும் முதல்வர் மனம் வைத்தால்தான் அடுத்த ஜூன் வரை வேலை.

பீடி சுற்றும் பெண்களின் பணிநிலை பற்றி ஏழு வருஷமாக ஆய்வு செய்திருந்தார். முந்நூறு பெண்கள், நாற்பது கேள்விகள். ஆய்வேடு தயாராகிவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் ஒப்படைக்காவிட்டால் பதிவு ரத்தாகிவிடும். பட்டம் இல்லையென்றால் நிரந்தர வேலை என்ற பேச்சுக்கே இடமில்லை.

நெறியாளர் சான்றிதழில் பியூலா கையெழுத்துப் போட வேண்டும். செவ்வாய்க்கிழமை வரை போடவில்லை.

"மேடம், ஏட்டுல என்ன தப்புன்னு சொல்லிட்டீங்கன்னா திருத்திருவேன்."

பியூலா நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைத் திறந்து அவர் பக்கம் திருப்பினார். இருபத்தேழாம் கேள்விக்கான அட்டவணை அது. 'நீங்கள் செய்யும் வேலை வேறொருவர் பெயரில் பதிவாகிறதா?'

பீடிக் கம்பெனியின் பாஸ்புக்கில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் தொழிலாளி. சுற்றுகிறவளின் பெயர் அதில் இல்லையென்றால் பி.எஃப். இல்லை, ஆஸ்பத்திரிச் சலுகை இல்லை, பிள்ளைகளுக்கு உதவித்தொகை இல்லை. முப்பது வருஷம் சுற்றி விரல் தேய்ந்திருந்தாலும் அவள் வீட்டில் சும்மா இருந்த பொம்பளைதான்.

"ஆமான்னு எத்தனை பேர் சொன்னாங்க?"

"யாரும் இல்லை மேடம்."

"முந்நூறு பேர்ல ஒருத்தர்கூடவா?"

"அவங்க சொன்னதைத்தான் எழுதியிருக்கேன் மேடம். ஒண்ணுகூட நானா போடலை."

அது உண்மை. வீட்டில் உட்கார்ந்து நாலு நிறப் பேனாவை வைத்து வினாத்தாள்களை நிரப்புகிற ஆள் இல்லை கோமதிநாயகம். அப்படி நிரப்புகிறவர்களுக்கெல்லாம் எப்போதோ பட்டம் கிடைத்து, அவர்களில் சிலர் இப்போது நெறியாளராகவும் இருக்கிறார்கள்.

"எங்க வச்சுக் கேட்டீங்க?"

"பீடிக் கடையில மேடம். கட்டு ஒப்படைக்க எல்லாரும் சாயங்காலம் அங்க வந்துருவாங்க. எங்க முதல்வரோட மச்சினர் கடைதான். முதல்வரே போன் போட்டு ஏற்பாடு செஞ்சு குடுத்தார்."

"மச்சினர் அப்ப எங்க இருந்தார்?"

"பக்கத்துலதான். நல்ல மனுஷன் மேடம். எனக்கு நாற்காலி போட்டு, தானும் கூட உக்காந்து, ஒவ்வொருத்தரா பேர் சொல்லிக் கூப்பிட்டு விட்டார். பத்து நாளும் டீ அவர் செலவுதான்."

பியூலா ஏட்டை மூடினார்.

கோமதிநாயகத்துக்கு முகம் சுருங்கிப்போயிற்று. "அவங்க பொய் சொல்லியிருக்காங்கன்னு நெனைக்கிறீங்களா மேடம்? ஒருத்தர் ரெண்டு பேர்னா சரி. முந்நூறு பேரும் எப்படி மேடம் ஒரே பொய்யைச் சொல்லுவாங்க?"

இந்த மாதிரிக் கதைகளில் குரு இங்கே கண்ணை மூடி ஒரு குட்டிக்கதை சொல்வது வழக்கம். பியூலா வாயைத் திறப்பதற்குள் கதவைத் தட்டாமலே ஒருவர் உள்ளே வந்தார்.

கோமதிநாயகத்தின் கல்லூரி முதல்வர் சங்கரலிங்கம். பாடத்திட்டக் குழுக் கூட்டத்துக்கு வந்தவர், போகிற போக்கில் எட்டிப் பார்த்தார். பல்கலைக்கழக ஆட்சிக்குழுவிலும் அவர் உறுப்பினர். பியூலாவின் பதவி உயர்வுக் கோப்பு எட்டு மாதமாக அந்தக் குழுவில்தான் தூங்கிக்கொண்டிருந்தது.

"நம்ம பையன் விஷயம் எந்த மட்டுல இருக்கு மேடம்?"

பையன் எழுந்து நின்றார். காதோரம் முழுக்க நரைத்துவிட்டது பையனுக்கு.

"நல்ல நேரத்துல வந்தீங்க சார்," என்றார் பியூலா. "ஒரு சின்ன சோதனை. இவர் தயாரிச்ச கேள்விகளை இவர்கிட்டயே கேட்டுப் பாக்கலாம்னு இருக்கேன். பத்து நிமிஷம்தான். நீங்களும் கூட இருங்க."

"தாராளமா."

பியூலா ஒரு நாற்காலியை இழுத்துக் கோமதிநாயகத்தின் பக்கத்தில் போட்டார். முழங்கை முழங்கையில் இடிக்கிற தூரம். முதல்வர் காலைத் தூக்கிப் போட்டு வசதியாக உட்கார்ந்தார். பியூலா வெற்று வினாத்தாள் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டார்.

"பீடிக் கடைக்குப் பதிலா உங்க கல்லூரின்னு வச்சுக்கலாம். 'வேலை செய்யும் இடத்தில் உங்களை மரியாதையாக நடத்துகிறார்களா?'"

"ஆமா மேடம்."

"நம்ம காலேஜ்ல அந்தக் குறையே கிடையாது," என்று முதல்வர் சிரித்தார். போன வாரம்தான் வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது வாசலில் நின்று, "யோவ் கோமதி, இங்க வாய்யா," என்று அழைத்திருந்தார். அறுபது மாணவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"'உங்கள் வேலைக்குச் சம்பந்தமில்லாத வேலைகளைச் செய்யச் சொல்கிறார்களா?'"

"இல்லை மேடம்."

முதல்வரின் மகள் கல்யாணத்துக்குத் தென்காசி முதல் வள்ளியூர் வரை பைக்கில் போய்ப் பத்திரிகை வைத்தவர் இதே கோமதிநாயகம்தான்.

"இருபத்தேழு. 'நீங்கள் செய்யும் வேலை வேறொருவர் பெயரில் பதிவாகிறதா?'"

ஏழு வருஷத்தில் கோமதிநாயகம் எழுதி அச்சில் வந்தவை ஐந்து கட்டுரைகள். ஐந்திலும் முதல் பெயர் சங்கரலிங்கம். இரண்டில் கோமதிநாயகத்தின் பெயரே இல்லை. அந்த இரண்டையும் கையெழுத்துப் பிரதியில் படித்துத் திருத்திக் கொடுத்தவர் பியூலா. அச்சில் வந்ததையும் பார்த்திருக்கிறார்.

முதல்வர் காலை ஆட்டுவதை நிறுத்தவில்லை. செல்போனில் எதையோ தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். மிரட்டவும் இல்லை, முறைக்கவும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான்.

"இல்லை மேடம்," என்றார் கோமதிநாயகம்.

பியூலா 'இல்லை' என்ற கட்டத்தில் குறி போட்டார்.

நாற்பது கேள்விகளும் முடிந்தன. முதல்வர் எழுந்தார். "நல்ல கேள்விகள். நம்ம பையன் உழைப்பாளி மேடம். சீக்கிரம் முடிச்சு விடுங்க. அவன் மேல உங்களுக்கு ஒண்ணும் மனக்குறை இல்லையே?"

"ஒண்ணும் இல்லை சார்."

"என் மேல?"

"ஐயோ, அதெல்லாம் என்ன சார்," என்று பியூலாவும் சிரித்தார்.

குரு அப்படிச் சிரித்ததை எழுதாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

முதல்வர் போனபிறகு பியூலா வினாத்தாளைச் சீடர் பக்கம் நகர்த்தினார். "அடியில கையெழுத்துப் போடுங்க சார். தகவல் குடுத்தவர் போடணும்."

கோமதிநாயகம் அதை எடுத்தார். நாற்பது பதில்களையும் ஒரு தடவை மேலிருந்து கீழே படித்தார். அப்படி ஒரு நல்ல வேலையில் அவர் என்றைக்குமே இருந்ததில்லை. தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, போய் வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் வெளியே போனார்.

மறுநாள் அவர் கல்லூரிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, முந்நூறு பேரில் ஒருத்தியான ஆவுடையம்மாளின் வீட்டுக்குப் போனார். கணவனும் பிள்ளைகளும் வெளியே போயிருந்த நேரம். அவள் மடியில் முறத்தை வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்தும் கை நிற்கவில்லை.

"வாங்க சார். அன்னைக்கே எல்லாம் எழுதிட்டுப் போனியளே. இன்னும் என்ன?"

கோமதிநாயகம் வெறுந்தரையில் உட்கார்ந்தார். பேனாவை எடுக்கவில்லை.

"நான் எழுதுறதெல்லாம் எங்க முதல்வர் பேர்லதான் வருதும்மா. நேத்து அதை ஒருத்தங்க கேட்டாங்க. அவர் பக்கத்துல இருந்தார். அப்படியெல்லாம் இல்லைன்னு சொல்லிட்டேன்."

அவள் கை நின்றது.

"படிச்சவங்களுக்குமா சார்?"

"ஆமாம்மா."

அவள் வாசலை ஒரு தடவை பார்த்தாள். பிறகு குரலைத் தணித்துக்கொண்டாள். "பத்தொம்பது வருசமா சுத்துதேன். புக்கு கடைக்காரர் கொழுந்தியா பேர்ல இருக்கு. அவளுக்கு இலை வெட்டக்கூடத் தெரியாது. இந்தத் தெருவுல பாதிப் பேருக்கு இதே கதைதான். அன்னைக்குக் கடையில வச்சுக் கேட்டா நாங்க என்னத்தைச் சொல்ல? நீங்களும் ஏதோ கடைக்கார ஆளுன்னுதான் நெனைச்சோம்."

அந்தக் கடைசி வாக்கியம் கோமதிநாயகத்தை எங்கேயோ கொண்டுபோய் அடித்தது. ஏழு வருஷமாகத் தன்னை அந்தப் பெண்களின் பக்கத்து ஆள் என்று நம்பிக்கொண்டிருந்தவர் அவர்.

அவர் எழுந்தபோது அவளும் முறத்தைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"சார், இதை எழுதிராதிய. பேர் போடலைன்னாலும் எந்தத் தெருவுன்னு கடைக்காரருக்குத் தெரிஞ்சுபோயிரும். நாளைக்கே இலை தர மாட்டாரு. என் வேலை போயிரும்."

"எழுத மாட்டேன்மா," என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார்.

வியாழக்கிழமை காலையில் பியூலாவின் அறை திறப்பதற்கு முன்பே வாசலில் நின்றார். உள்ளே போனதும் ஆவுடையம்மாள் சொன்னதையும் கடைசியில் அவள் வேண்டாம் என்றதையும் ஒன்றுவிடாமல் சொன்னார்.

"எழுதியிருக்கிறது பொய்னு இப்ப எனக்கே தெரியும் மேடம். நிஜத்தை எழுதுனா அந்த அம்மா தெருவுக்கு வந்துருவாங்க. நாளைக்கு வெள்ளிக்கிழமை. நான் எதை எழுத?"

பியூலா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவங்க சொன்னதை எழுத வேண்டாம் சார். அது அவங்க உங்களை நம்பிச் சொன்னது."

"அப்போ?"

"மூணாவது இயல்ல, தரவு சேகரிச்ச முறைன்னு ஒரு பக்கம் இருக்குல்ல. அதுல ஒரு வரி சேருங்க."

"என்ன வரி மேடம்?"

"யார் ஏற்பாடு செஞ்சாங்க, கேக்கும்போது யார் பக்கத்துல உக்காந்திருந்தாங்கன்னு."

"அட்டவணை?"

"அப்படியே இருக்கட்டும். முந்நூறு 'இல்லை'யும் இருக்கட்டும். அந்த வரியைப் படிச்சவங்களுக்கு அது எந்த மாதிரி 'இல்லை'ன்னு விளங்கிரும். அந்தப் பொம்பளைங்க என்ன சொன்னாங்கன்னு அதுல ஒண்ணும் இருக்காது. நீங்க எப்படிக் கேட்டீங்கன்னு மட்டும்தான் இருக்கும்."

கோமதிநாயகம் அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்தார். அவர் தேடிக்கொண்டிருக்கும்போதே பியூலா சான்றிதழை இழுத்துத் தன் கையெழுத்தைப் போட்டு, தேதி எழுதி, முத்திரையும் குத்திவிட்டார்.

"நான் போட்டுட்டேன் சார். இனிமே என்னைக் கேக்க வேண்டியதில்லை. வரியோட குடுத்தாலும் சரி, இல்லாம குடுத்தாலும் சரி, நாளைக்கு ஆபீஸ்ல வாங்கிக்குவாங்க."

"வரி இருந்தா உங்க கோப்பு, மேடம்?"

"அது தூங்கும்."

கோமதிநாயகம் பேனாவைத் திறந்தார். ஓரத்தில் எழுத ஆரம்பித்தார். 'இவ்வினாக்கள் யாவும் பீடிக் கடையில், கடை உரிமையாளர்' என்பதுவரை எழுதினார். அங்கே கை நின்றது.

"இதை முதல்வர் படிச்சா யார் கடைன்னு உடனே தெரிஞ்சுரும் மேடம்."

"தெரியும்."

"ஜூன் மாசம் என்னைக் கூப்பிடவே மாட்டார். என் வேலை போயிரும் மேடம்."

பியூலா சான்றிதழில் மை காய்வதற்காக அதை மெல்ல விசிறிக்கொண்டிருந்தார்.

"அந்த அம்மாவும் அதைத்தான் சொன்னாங்க, சார்."