அழித்த இடம்

"மேடம், யாருக்கும் தெரியாம நடந்த தப்பை யாருக்கும் தெரியாமலே சரி பண்ண முடியுமா?"

கேட்டவன் வேலவன். முப்பத்தாறு வயதில் வேலையை விட்டுவிட்டுத் திரைப்படக் கல்லூரியில் சேர்ந்தவன். எடிட்டிங் சொல்லித்தரும் ரோஸ்லின் அவனைவிட நாலு வயது சின்னவர். ஆனாலும் அவர் முன்னால் நின்றால் அவனுக்கு உள்ளங்கை வியர்க்கும். இன்று சட்டையே நனைந்திருந்தது.

"எதை அழிச்சீங்க?" என்றார் ரோஸ்லின்.

இப்படி நேராகக் கேட்பவர்களிடம் மழுப்ப முடியாது.

கல்லூரியில் எல்லோருடைய படமும் ஒரே சர்வரில் இருக்கிறது. எடிட் பண்ணுகிறவர், சத்தம் சேர்க்கிறவர், நிறம் திருத்துகிறவர் எல்லோரும் அதில்தான் இணைய வேண்டும். அதனால் யார் ஃபோல்டரையும் யாரும் திறக்கலாம். மாணவர்கள் அத்தனை பேரும் தங்கள் ஃபோல்டருக்கு 'ஃபைனல்' என்றுதான் பெயர் வைப்பார்கள். படம் முடிகிற அறிகுறியே இருக்காது, பெயர் மட்டும் ஃபைனல்.

"இடம் பத்தலைன்னு என் பழைய ஃபைனல்னு நினைச்சு ஒண்ணை அழிச்சேன் மேடம். அது ஷமீமாவோட ஃபைனல்."

"எப்போ?"

"பத்து நிமிஷம் இருக்கும். குப்பைத்தொட்டியில கிடக்கும், எடுத்துடலாம்னு பார்த்தேன். காணோம்."

"சர்வர்ல தொட்டி கிடையாது."

"பேக்கப்ல இருக்கும்ல?"

"அது ஞாயித்துக்கிழமை எடுக்கறது. அவ நேத்துதான் ஏத்தினா. கேமரா கார்டு?"

"வாடகை கார்டு. அழிச்சுத் திருப்பிக் குடுத்துட்டா."

கூடப் படிக்கும் ஷமீமா எடுத்தது உப்பளத்தைப் பற்றிய படம். மழை தொடங்கிவிட்டது. அந்த இடம் இப்போது தண்ணீருக்குள் கிடக்கிறது.

"எப்படியாவது மீட்டுக் குடுத்துடுங்க மேடம். அவளுக்குத் தெரிய வேண்டாம். எனக்கு ரொம்ப பயமா இருக்கு."

ரோஸ்லின் அவனை லேபின் கண்ணாடிக் கதவுவரை அழைத்துப் போனார். உள்ளே பதினோரு பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

"அழிச்ச இடம் இப்போ காலி இடம். யாராவது எதையாவது சேவ் பண்ணா, அதுமேல போய் உட்காரலாம். உட்கார்ந்துட்டா யாராலயும் மீட்க முடியாது."

உள்ளே ஒருவன் கீபோர்டைத் தட்டினான்.

"அது அவ படத்து மேலயா மேடம்?"

"தெரியாது."

இன்னொருத்தி தட்டினாள். வேலவன் ரோஸ்லின் பக்கம் திரும்பினான்.

"லைனைப் பிடுங்கிடுங்க!"

"சர்வர்ல எழுதிட்டிருக்கும்போது பிடுங்கினா பதினோரு பேர் படமும் கெட்டுப்போகும். அவங்களே மூடணும்."

"அப்போ நீங்க சொல்லுங்க மேடம்."

ரோஸ்லின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

அவன் வாசலிலேயே நின்றான். ஜன்னலோரம் ஷமீமா ஹெட்ஃபோனோடு உட்கார்ந்திருந்தாள். அவன் படத்துக்குத்தான் சத்தம் சேர்த்துக்கொண்டிருந்தாள். ஒரு காட்சி முடிந்தது போலிருக்கிறது. சேவ் பண்ண அவள் விரல் போனது.

"கையை எடுங்க!"

அவன் குரல் உடைந்து வந்தது.

"எல்லாரும் கையை எடுங்க! எதையும் சேவ் பண்ணாம அப்படியே மூடிடுங்க! ஒரு படம் அழிஞ்சு போச்சு!"

முதலில் கையை எடுத்தது ஷமீமாதான். ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டுப் பதறி எழுந்தாள்.

"ஐயோ, யாரோட படம்ண்ணா?"

"உன்னோடதும்மா," என்றான். "நான்தான் அழிச்சேன்."