மூன்றாம் மாடியில் நேர்காணல்

பொய்யென்று நினைத்தால் எங்கள் நகராட்சிக்கே போய்ப் பாருங்கள். அங்கே லிப்ட் இயக்கும் வேலையை மாற்றுத்திறனாளிக்கு ஒதுக்கினார்கள். நேர்காணல் மூன்றாம் மாடியில். இரண்டு காலும் விளங்காத செங்கோடன் வாசலின் ஐந்து படிகளையும் தவழ்ந்து ஏறி உள்ளே போனான். லிப்ட் பூட்டிக் கிடந்தது.

மேலிருந்து ஆணையர் எட்டிப் பார்த்தார்.

“ஆள் போடுற வரைக்கும் லிப்டைத் திறக்க முடியாதுப்பா. பத்து நிமிஷத்துல மேல வா. இல்லேன்னா வேலை கிடையாது.”

“லிப்டுக்கு ஆள் எடுக்கத்தானேங்க ஐயா கூப்பிட்டீங்க? சாவியைப் போடுங்க. அதை ஓட்டி மேல வந்துட்டா எனக்கு வேலை தெரியும்னு அர்த்தம். வராட்டி நீங்களே கழிச்சு விட்டுடலாம்.”

கூடியிருந்த சனம் சிரித்துவிட்டது. சாவி விழுந்தது, வேலையும் கிடைத்தது.

ஆறு வருஷமாக ஊரையே மேலே ஏற்றுகிறான் செங்கோடன். வாசலின் அந்த ஐந்து படிகளை மட்டும் தினமும் தவழ்ந்துதான் ஏறுகிறான்.